நடிகர் படமும் லண்டன் சீட்டும்

வெளிநாட்டில் ஓவியம், கிராஃபிக் டிசைன் படிப்பது பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள். குன்னூரில் தேயிலை பாக்கெட் வடிவமைத்துக்கொண்டிருப்பவளிடம் இதைக் கேட்கலாம் என்று ஆசிரியருக்கு எப்படித் தோன்றியதோ, கடிதக் கட்டை என் மேஜைக்கு அனுப்பிவிட்டார். பெயர் வேண்டாம் என்றவர்களுக்கு ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

மகள் பிளஸ் டூ படிக்கிறாள். லண்டனில்தான் கிராஃபிக் டிசைன் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஒரு கன்சல்டன்சியில் முப்பது லட்சம் ஆகும் என்கிறார்கள். இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. ஒரு ஏக்கரை விற்றுவிடலாமா?
– சிறு விவசாயி, கோத்தகிரி

விற்காதீர்கள் ஐயா.

அந்த முப்பது லட்சம் எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டீர்களா? அநேகமாக முதல் வருஷக் கட்டணமாக இருக்கும். லண்டன் கலைப் பல்கலைக்கழகம் (சென்ட்ரல் செயின்ட் மார்டின்ஸ், கேம்பர்வெல் கல்லூரிகள் எல்லாம் அதற்குள் அடக்கம்) வெளிநாட்டு மாணவர்களிடம் ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல் வாங்குகிறது. இளநிலை மூன்று ஆண்டு. அதற்கு முன்னால் ஓராண்டு ஃபவுண்டேஷன் என்ற ஆயத்தப் படிப்பு படித்துவிட்டு வருபவர்கள் ஏராளம். ஸ்காட்லாந்து என்றால் இளநிலையே நான்கு ஆண்டு. லண்டனில் தங்கிச் சாப்பிட மாதம் ஏறத்தாழ 1,500 பவுண்டு கணக்கில் ஒன்பது மாதத்துக்கு வங்கியில் இருப்பதாக விசாவுக்கே காட்ட வேண்டும். மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு தனி. பவுண்டை வெறும் நூறு ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் மொத்தம் ஒரு கோடியைத் தாண்டிவிடும். பச்சை இலை கிலோ என்ன விலை போகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பணத்தை விடுங்கள். பதினேழு வயதில் கற்க வேண்டியது கோடு, வண்ணம், எழுத்து, பார்க்கிற பழக்கம். இதற்கு இங்கேயே நல்ல இடங்கள் இருக்கின்றன. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.) 1961-ல் தொடங்கியது. அதற்கு வழிகாட்டிய அறிக்கையை 1958-ல் எழுதியவர்கள் அமெரிக்கர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி. அந்த அறிக்கையில் அவர்கள் கொண்டாடியது நம் வீட்டுச் செம்பை! ஐ.ஐ.டி.களின் பி.டெஸ். என்ற வடிவமைப்பு இளநிலைப் படிப்புக்கு யூசீட் தேர்வு இருக்கிறது. சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. கும்பகோணத்திலும் ஓர் அரசுக் கல்லூரி உண்டு. நான் சென்னையில் படித்துவிட்டுத்தான் இங்கிலாந்து போனேன். அங்கே முதுநிலை பெரும்பாலும் ஒரே ஆண்டு. இன்லாக்ஸ், செவனிங் போன்ற உதவித்தொகைகளும் பட்டம் முடித்தவர்களுக்குத்தான். செவனிங் இரண்டு ஆண்டு வேலை அனுபவமும் கேட்கிறது.

இன்னொன்று. மாணவரைச் சேர்த்துவிட்டால் பல வெளிநாட்டுக் கல்லூரிகள் கன்சல்டன்சிக்குக் கமிஷன் தருகின்றன. ஆலோசனை இலவசமாகக் கிடைப்பது அதனால்தான்.

மகளிடம் “போகாதே” என்று சொல்லாதீர்கள். நான்கு வருஷம் கழித்துப் போ, அப்போது என் ஏக்கர் இங்கேயே இருக்கும் என்று சொல்லுங்கள். என்மேல் கோபம் வந்தால் எழுதச் சொல்லுங்கள், பதில் போடுகிறேன்.

பென்சிலில் நடிகர்களை அச்சு அசலாக வரைவேன் அக்கா. இன்ஸ்டாவில் நல்ல பெயர். விண்ணப்பத்தோடு கேட்கும் படைப்புத் தொகுப்புக்கு, அதான் போர்ட்ஃபோலியோவுக்கு, இந்தப் படங்களையே அனுப்பினால் சீட் கிடைக்குமா?
– கல்லூரி மாணவர், கூடலூர்

ஒரு படம் வையுங்கள் தம்பி. பாக்கியை வீட்டுச் சுவரில் மாட்டுங்கள்.

கை ஓடுகிறது என்பதற்கு ஒன்று போதும். நீங்கள் அனுப்பிய பதினைந்தும் இன்னொருவர் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்தவை. வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும், எதைப் படச் சட்டகத்துக்கு வெளியே விட வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் போட்டோகிராஃபரே முடிவு செய்துவிட்டார். உங்கள் பங்காக மிஞ்சியது பொறுமை. தேர்வுக்குழு அதையா பார்க்கிறது? அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் வெகுகாலம் விண்ணப்பிக்கிற எல்லோரையும் ஒரு சைக்கிள் வரையச் சொல்லிக்கொண்டிருந்தது. சைக்கிளைத் தெரியாதவர் இல்லை. அதன் செயின் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று நின்று பார்த்தவர்தான் குறைவு. இப்போது அங்கே 12 முதல் 20 படைப்புகள் கேட்கிறார்கள்.

கூடலூரில் இருந்துகொண்டு விஷயத்துக்குப் பஞ்சம் என்று சொல்லாதீர்கள். முதுமலைச் சாலையில் யானை எச்சரிக்கைப் பலகைகளைப் பாருங்கள். மூடுபனியில், மங்கிய ஹெட்லைட் வெளிச்சத்தில், புதிதாக மலையேறும் ஓட்டுநர் அதில் எத்தனை சொற்களைப் படிக்க முடியும்? போய் நின்று பாருங்கள், பிறகு மாற்றி வரையுங்கள். கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் போட்ட பலகை இருக்கிறது. “14/36” என்று பார்த்ததும் நாம் எங்கே இருக்கிறோம், இன்னும் எத்தனை பாக்கி என்று குமட்டலோடு உட்கார்ந்திருக்கும் பயணிக்கும் புரிந்துவிடும். அதை எழுதியவர் எந்த டிசைன் கல்லூரிக்கும் போயிருக்க மாட்டார். ஆனாலும் நான் பார்த்த நல்ல டிசைன்களில் அது ஒன்று.

இன்னும் ஒன்று சொல்கிறேன், யாராவது செய்தால் எனக்கு அனுப்புங்கள். இலை எடைபோடும் இடத்தில் கொடுக்கிற சீட்டு. மழையில் ஈரக் கையோடு வாங்குகிறோம். மொத்த எடை, ஈரத்துக்குக் கழித்தது, தேதி எல்லாம் ஒரே அளவில் நெருக்கியடித்துக் கிடக்கும். எவ்வளவு கழித்தார்கள் என்பது கண்ணில் படாது. (படக்கூடாது என்றே அச்சடித்தார்களோ என்னவோ.) அந்தச் சீட்டை மாற்றி வரையுங்கள். இலை பறிக்கும் பெண்களிடம் காட்டுங்கள், யார் எந்த இடத்தில் தடுமாறினார் என்று குறித்துக்கொண்டு மறுபடி வரையுங்கள். அடித்துத் திருத்திய முதல் வரைவுகளைத் தூக்கிப் போடாமல் அவற்றையும் போர்ட்ஃபோலியோவில் வையுங்கள். பதினைந்து நடிகர்களைவிட இந்த நாலு பக்கம் அதிகம் பேசும்.

படங்களை ஃப்ளாஷ் போட்டு எடுக்காதீர்கள். மஞ்சு மூடிய பகலில் வாசலில் வைத்து எடுத்தால் நிழலே விழாது. நகரத்துக்காரர்கள் காசு கொடுத்து விளக்கு வாங்குவது அந்த வெளிச்சத்துக்காகத்தான். ஜூன், ஜூலையில் உங்கள் ஊர் மழைக்கு வாட்டர்கலர் காகிதத்தில் பூஞ்சை பிடித்துவிடும். வண்ணம் காய்ந்ததும் உடனே போட்டோ எடுத்துவிடுங்கள்.

வரைவதற்கு ஐபேட் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாதா?
– ஊட்டி

முடியும்.

ஜெர்மனியில் டிசைன் படிப்பு இலவசமாமே?
– குன்னூர்

படிப்பு இலவசம், சாப்பாடு இல்லை. அரசுக் கல்லூரிகளில் பொதுவாகக் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்கு ஓராண்டுச் செலவாக 11,904 யூரோவைத் தனிக் கணக்கில் போட்டு முடக்கிக் காட்ட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே கிடைக்கும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழும் (உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம். இதெல்லாம் காகித வேலை, செய்துவிடலாம். மலைப்பு மொழியில்தான் இருக்கிறது. இளநிலை வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மனில் நடக்கின்றன. “மாப்பே” என்று ஒரு படைப்புக் கட்டு அனுப்பி, அது தேறினால் தகுதித் தேர்வும் எழுத வேண்டும். இன்றைக்கு மொழி வகுப்பில் சேர்ந்தால் இரண்டு வருஷத்தில் தயாராகலாம்.

நான் குறும்பர் சமூகத்தைச் சேர்ந்தவன். அப்பா எங்கள் பாரம்பரிய ஓவியம் வரைவார், நானும் கற்றுக்கொண்டேன். கவின்கலை இறுதியாண்டு. முதுநிலைக்கு வெளிநாடு போக ஆசை. இந்த ஓவியத்தை வைத்தால் “பழசு” என்பார்களா?
– கோத்தகிரி அருகே

பழசு என்று ஒதுக்க மாட்டார்கள். எனக்கு வேறொரு கவலை. உங்களை அதற்குள்ளேயே பூட்டிவிடுவார்கள். “பழங்குடி ஓவியர்” என்ற அட்டையை மாட்டி, ஆண்டு முழுக்க அதையே செய்யச் சொல்வார்கள். அதனால் இரண்டையும் வையுங்கள்: அப்பாவிடம் கற்றதும், நீங்களாகச் செய்ததும்.

அப்பாவிடம் கற்ற பகுதியில் வெறும் படங்களாக அடுக்காதீர்கள். வேங்கை மரப் பிசினை எப்போது எடுப்பீர்கள், எந்த மண் எந்த நிறம் தரும், எந்த இலையைத் தேய்ப்பீர்கள், யார் வரையலாம் என்ற வழக்கம் என்ன, பாறை ஓவியங்கள் இருக்கும் வெள்ளரிக்கொம்பை எழுத்துப்பாறை பற்றி உங்கள் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள். வேறு யாரும் எழுத முடியாத விண்ணப்பம் அது. வெளியே சொல்லக் கூடாதது ஏதாவது இருந்தால் சொல்லாதீர்கள். எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அதைக் கேட்கிற உரிமை இல்லை.

பணத்துக்கு: மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 20 இடங்கள். அதில் 3 இடங்கள், “குறிப்பாக நலிவடைந்த பழங்குடிகள்” என்று அரசு பட்டியலிட்டிருக்கும் சமூகங்களுக்கு. நீலகிரியின் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. எந்தப் பாடப்பிரிவுகளைச் சேர்க்கிறார்கள் என்று அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள், கடைசி வாரத்தில் தாலுகா ஆபீசில் நிற்காதீர்கள்.

அப்பா பிரஸ் வைத்திருந்தார். எனக்குத் தமிழ் எழுத்துரு வடிவமைக்க ஆசை. தமிழ் எழுத்தைப் படிக்க வெளிநாடு போவதா என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.
– ஊட்டி

சிரிக்கட்டும். தரங்கம்பாடி அச்சகத்துக்கு 1713-ல் வந்த தமிழ் ஈய எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தவை. அதே ஹாலேயில் இன்று பர்க் கீபிகென்ஷ்டைன் கலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் எழுத்துரு வடிவமைப்புக்கென்றே முதுநிலைப் படிப்பு உண்டு. இந்திய எழுத்துகளுக்காக லினோடைப் என்ற அச்சு இயந்திர நிறுவனத்தில் வரைந்த பெரிய வரைபடங்களை அங்கே பாதுகாக்கிறார்கள். நான் படித்த இடம், கொஞ்சம் பாரபட்சம் இருக்கும். நெதர்லாந்தின் ஹேக் நகரிலும் இதற்கென ஓராண்டுப் படிப்பு இருக்கிறது.

அப்பாவின் ஈய எழுத்துகள் இன்னும் இருக்கின்றனவா? எடைக்குப் போட விடாதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை வைத்த லை, னை கிடைத்தால் தனியே எடுத்து, மை தடவி, ஒவ்வொன்றையும் இரண்டு அளவுகளில் அச்சடித்து வையுங்கள். அடியில் எழுத்து வார்க்கும் எந்த ஃபவுண்ட்ரியிலிருந்து வாங்கியது என்று அப்பாவிடம் கேட்டு எழுதிவிடுங்கள்.