நாய் வண்டிக்காக நின்ற பெண்மணி

கேள்வி: பனியில் ஓட்டும் மோட்டார் வண்டி விளையாட்டில் பெயர் வாங்கிய பெண்மணி யாராவது உண்டா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: அந்த வண்டியோடு மல்லுக்கு நின்ற ஒருவரைச் சொல்லட்டுமா? அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் வாசில்லா ஊர்க்காரர், டோரதி பேஜ். 1960களில் ஸ்னோமொபைல் என்கிற அந்த மோட்டார் வண்டி வந்ததும், கிராமங்களில் பனியில் நாய்கள் இழுத்துப்போகும் நாய் வண்டிகள் ஓரங்கட்டப்பட்டன. பெட்ரோல் ஊற்றினால் போதும், வருஷம் முழுக்க நாய்களுக்கு மீன் போட வேண்டாமே! ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா அலாஸ்காவை வாங்கிய நூற்றாண்டுக்காக அந்த ஊர்ப்பக்கம் அமைத்த விழாக் குழுவின் தலைவி இவர். இடிடராட் என்ற பழைய நாய் வண்டித் தடத்தில் பந்தயம் வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அப்புறம்தான் நாய் வண்டி ஓட்டுபவரான ஜோ ரெடிங்டன் கைகொடுத்தார். 1967-இல் 25,000 டாலர் பரிசோடு பந்தயம் நடந்தே விட்டது. அடுத்த வருஷம் பனி போதவில்லை, ரத்து. 1973-இல் அதுவே ‘இடிடராட்’ என்ற பெயரில் நோம் நகரம் வரை நீண்டது, ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். ஜெயித்தவருக்கே சுமார் 20 நாள் பிடித்தது.

இத்தனைக்கும் பேஜ் நாய் வண்டி ஓட்டுபவரே இல்லை. பந்தயத்தின் ஆண்டு மலரைத் தொகுத்தார், ‘இடிடராட்டின் தாய்’ என்றே பெயர், 1989-இல் காலமானார். வேடிக்கை என்னவென்றால், இன்று நாய்களுக்கு முன்னால் போய்ப் பனியை அழுத்தி வழி போட்டுக் கொடுப்பதே ஸ்னோமொபைல்கள்தான்!