பத்தாயிரம் வெள்ளி மெஷினும் பள்ளி விடுமுறையும்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 42 வயது. சிங்கப்பூர் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கணவர், மாமியார், உயர்நிலை 2 படிக்கும் மகள், தொடக்கநிலை 5 படிக்கும் மகன் ஆகியோருடன் இருக்கிறேன். ஒரு துணைப்பாட நிலையத்தில் வாரம் ஐந்து நாள், தினம் நான்கு மணி நேரம் அலுவலக வேலை. மாதச் சம்பளம் 1,400 வெள்ளி. ஐந்து ஆண்டுகளாகப் பழைய சேலைத் துணிகளை வைத்து, சுவரில் மாட்டும் கலைக் குவில்ட் தைக்கிறேன். சென்ற ஆண்டு நான்கு விற்றேன். மொத்தம் 2,350 வெள்ளி கிடைத்தது. துணி, பஞ்சு, நூலுக்கு 780 போனது. ஒன்றை முடிக்க 55 மணி நேரம் பிடிக்கிறது. அதில் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்க மட்டும் 12 மணி நேரம். வாரத்துக்கு ஏழு மணி நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் அதுவும் இல்லை. சாப்பாட்டு மேசைதான் என் தையல் மேசை. இந்த மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைக்கும் லாங் ஆர்ம் மெஷின் ஒன்று 9,800 வெள்ளிக்கு வருகிறது. குடும்பச் சேமிப்பு 38,000. மாதச் செலவு 4,600. மெஷினை வாங்கி, வேலையை விட்டு, முழு நேரமாக இறங்கலாமா? “பொழுதுபோக்குக்குப் பத்தாயிரமா?” என்கிறார் கணவர்.

பதில்: மெஷின் இப்போது வேண்டாம். வேலையை விடவே வேண்டாம். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் காரணங்களைத் தாண்டிக் கடைசிப் பத்திக்கு ஓடிவிடுவீர்கள்.

ஆனால் உங்கள் கணவர் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. உங்களுக்குத் தட்டுப்பாடு காசில் இல்லை, நேரத்தில். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விலை, செலவு, சேமிப்பு எல்லாம் சுத்தமாக எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது என்பதை மட்டும் கூட்டிப் பார்க்கவில்லை. வாருங்கள், சேர்ந்து கூட்டுவோம்.

மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு, செப்டம்பரில் ஒன்று, ஆண்டிறுதியில் ஆறு: பள்ளி விடுமுறையே 12 வாரம். மீதி 40. தீபாவளிக்கு முன் இரண்டு வாரம் பலகாரம், வீடு சுத்தம், விருந்தாளிகள் என்று போய்விடும். பிள்ளைகளின் தேர்வு வாரங்கள், மாமியாரை மருத்துவரிடம் அழைத்துப் போகும் நாள்கள், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்று இன்னும் ஆறு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். கையில் நிற்பது 32 வாரம். வாரம் ஏழு மணி நேரம் என்றால் 224 மணி நேரம். ஒன்றுக்கு 55 என்று வகுத்தால் நான்கு குவில்ட். சென்ற ஆண்டு நீங்கள் விற்றதும் நான்கு! நீங்கள் மெதுவாகத் தைக்கவில்லை. உங்கள் ஆண்டு அவ்வளவுதான் நீளம்.

இப்போது மெஷின். மூன்று அடுக்கைத் தைக்கும் 12 மணி நேரத்தை அது ஐந்தாகக் குறைக்கும் என்றே வைத்துக்கொள்வோம். துணி தேர்ந்தெடுப்பது, வெட்டுவது, மேல்துணியில் படத்தை அமைப்பது, ஓரம் கட்டுவது இவற்றுக்கெல்லாம் அது உதவாது. ஆக ஒரு குவில்ட்டுக்கு ஏழு மணி நேரம் மிச்சம், நான்குக்கு 28. உங்கள் அலுவலகச் சம்பளம் மணிக்கு ஏறக்குறைய 16 வெள்ளி. அந்தக் கணக்கில் மெஷின் ஆண்டுக்கு 448 வெள்ளி சம்பாதித்துத் தருகிறது. போட்ட 9,800 திரும்ப வர கிட்டத்தட்ட 22 ஆண்டு. அதற்குள் உங்கள் மகனுக்கே பிள்ளை பிறந்திருக்கலாம். இன்னொன்று: லாங் ஆர்ம் மெஷினைப் பெரிய சட்டத்தோடு வைத்தால் நிறைய இடம் கேட்கும். நான்கறை வீட்டில் அது நிற்க வேண்டுமானால் ஒன்று சாப்பாட்டு மேசை போக வேண்டும், இல்லை மாமியாரின் கட்டில் போக வேண்டும். இரண்டையும் நான் பரிந்துரைக்கப் போவதில்லை.

மாதச் செலவு 4,600 என்றால், ஆறு மாத அவசரக் கையிருப்பு 27,600. அது தொடக்கூடாத காசு. 38,000-இல் அதைக் கழித்தால் 10,400 மிச்சம். மெஷின் வாங்கினால் 600 நிற்கும். அதே நேரம் உங்கள் சம்பளமும் நின்றுபோகும். ஒரு குடும்பம் இரண்டு கதவையும் ஒரே நாளில் திறந்துவைக்கக் கூடாது.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பகுதிநேர வேலை செய்யும் பெண்கள் பலர் தங்கள் சம்பளத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். மத்திய சேம நிதிக்கு உங்கள் பங்கு 20 சதவீதம் போய் கைக்கு வருவது 1,120 வெள்ளி. முதலாளி தன் பங்காக 17 சதவீதம், அதாவது 238 வெள்ளி போடுகிறார். ஆக உங்கள் உண்மையான சம்பளம் 1,638, ஆண்டுக்கு 19,656. குவில்ட் ஒன்றில் உங்களுக்கு மிஞ்சுவது சராசரி 392 வெள்ளி. வேலை தரும் தொகையைக் குவில்ட்டில் ஈட்ட, இப்போதைய விலைக்கு, ஆண்டுக்கு 50 விற்க வேண்டும். ஐம்பது குவில்ட் தைக்க 2,750 மணி நேரம் வேண்டும். விடுமுறையே இல்லாமல் வாரம் 53 மணி நேரம்! தைத்துவிடலாம் என்றே வைத்துக்கொண்டாலும், ஐம்பது பேர் எங்கே? சென்ற ஆண்டு வாங்கிய நான்கு பேரில் எத்தனை பேர் உங்களுக்கு முன்பின் தெரியாதவர்கள்? அந்த எண்ணிக்கையைக் கடிதத்தில் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் மிக முக்கியமான எண்.

வேலையை விட்டால் கணவருக்கு மனைவிக்கான வரிக் கழிவு கிடைக்குமே என்று யாராவது சொல்லலாம். உங்கள் ஆண்டு வருமானம் 8,000 வெள்ளிக்குள் இருந்தால் 2,000 வெள்ளிக் கழிவு உண்டு. அவர் 7 சதவீத வரிப் படியில் இருந்தால் மிச்சம் 140 வெள்ளி. அதற்காக யாரும் வேலையை விட வேண்டாம்.

சரி, அப்படியானால் என்ன செய்யலாம்? விலையை ஏற்றுங்கள். நீங்கள் இப்போது மணிக்கு ஏழு வெள்ளிக்குத் தைக்கிறீர்கள். மிச்சமான 1,570 வெள்ளியை 220 மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். அலுவலகத்தில் வாங்கும் 16 வெள்ளியையே இதற்கும் போட்டால், 55 மணிக்கு 880. பொருள் செலவு 195. அடுத்த குவில்ட்டின் விலை 1,075 வெள்ளி. இரண்டு பேர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நான்கே குவில்ட் தைக்க முடிகிறவருக்கு நாற்பது வாடிக்கையாளர் தேவையில்லை, நான்கு பேர் போதும்.

அந்த நான்கு பேர் எங்கே கிடைப்பார்கள் என்றால், என் ஊகம், அம்மாவின் சேலைகளை அலமாரியில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களிடம். துணி அவர்களுடையது, நினைவும் அவர்களுடையது. உங்கள் பொருள் செலவும் பாதியாகும். இப்படிக் கேட்டு வருபவரிடம் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்குங்கள். கத்தரி பட்ட சேலையைத் திருப்பிக் கொடுக்க முடியாது. நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. 1942-இல் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த பெண்கள் ஆளுக்கொரு சதுரத் துணியில் தையல்பூ போட்டு, தலா 66 சதுரங்கள் கொண்ட மூன்று குவில்ட் செய்தார்கள். இரண்டு இன்று கேன்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. துணியின் மதிப்பு அதில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று இதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது.

விடுமுறை விஷயத்தில் எனக்குத் தையல் அறிவு கிடையாது, என் அம்மாவைப் பார்த்த அனுபவம் மட்டும் உண்டு. அவர் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே புது வேலை வாங்குவதை நிறுத்திவிடுவார்; யார் கெஞ்சினாலும் சரி. உங்களுக்கும் அப்படி ஒரு கடைசி நாள் வேண்டும். தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஜூன் மாதத்துக்குள் சொல்ல வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள். மெஷின் வேலை, வெட்டும் வேலை எல்லாம் பள்ளி நடக்கும் வாரங்களில் வையுங்கள். கைத்தையலை ஒரு பையில் போட்டு விடுமுறைக்கு ஒதுக்குங்கள். மேசை தேவைப்படாது, பிள்ளைகள் நீச்சல் குளத்தில் இருக்கும்போது ஓரமாக உட்கார்ந்து தைக்கலாம். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். விடுமுறையில் தைக்கவில்லை என்று வருத்தப்படுவதற்குக் கணக்கில் இடமில்லை, அந்த 12 வாரத்தை ஏற்கெனவே கழித்துவிட்டோம்.

டிசம்பரில் ஊருக்குப் போனால் மதுரைச் சுங்குடி வாங்கி வருவீர்கள் என்று நினைக்கிறேன். 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புபவருக்கு 500 வெள்ளி வரை பொருள் சேவை வரி விலக்கு உண்டு. ஆனால் அது சொந்த உபயோகத்துக்குத்தான். விற்பனைக்கான சரக்குக்கு இல்லை. இணையத்தில் வெளிநாட்டுத் துணி வாங்கினால், 400 வெள்ளிக்கு உட்பட்ட சிறு பொருள்களுக்கும் 2023 முதல் இந்த வரி வந்துவிட்டது. இப்போது 9 சதவீதம். அதையும் சேர்த்துத்தான் மீட்டர் விலையைக் கணக்கிட வேண்டும்.

சட்ட விஷயங்களில் பயப்பட ஒன்றுமில்லை. வீவக வீட்டில் இப்படிச் சிறு தொழில் செய்ய அனுமதி வாங்கத் தேவையில்லை. ஆனால் வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது, வாசலில் பலகை மாட்டக் கூடாது, அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு கூடாது. அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே விற்றால் வணிகங்களைப் பதிவு செய்யும் அக்ராவில் பதிய வேண்டாம். அழகான கடைப்பெயர் வேண்டுமென்றால் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். இப்போதைக்கு உங்கள் பெயரே போதும். சம்பளமும் குவில்ட் லாபமும் சேர்த்து 18,370 தான், முதல் 20,000 வெள்ளிக்கு வருமான வரி இல்லை. குவில்ட்டின் நிகர லாபம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு) பங்களிப்பு கட்ட வேண்டிவரும். அந்த நாள் வந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ரசீதுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருங்கள்.

கணவரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள். குடும்பச் செலவில் உங்களுக்கு மாதம் 60 வெள்ளி, அவருக்கும் 60. எதற்கு என்று ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது. உங்கள் துணியும் நூலும் அதிலிருந்து. குவில்ட் விற்று வரும் காசு வீட்டுக் கணக்கில் கலக்கவே கூடாது, தனி வங்கிக் கணக்கில் போகட்டும். அங்கே 500 வெள்ளி சேரும்போதெல்லாம் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம் ஒன்று வாங்குங்கள். எந்த மாதத்திலும் அபராதம் இல்லாமல் திரும்பப் பெறலாம், 2 வெள்ளி கட்டணம் மட்டும். மெஷின் வாங்கினால் அந்தக் கணக்கிலிருந்துதான்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தைக்க உட்காரும் நேரத்தையும் எழும் நேரத்தையும் எழுதி வாருங்கள். வாங்கியவர் தெரிந்தவரா தெரியாதவரா என்றும் ஒரு கட்டம் போடுங்கள். அந்த மெஷின் விலைச்சீட்டைக் கிழிக்க வேண்டாம், நோட்டுக்குள்ளேயே செருகி வையுங்கள். அடுத்த ஆண்டு மகனின் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) முடிந்ததும் எடுத்து மறுபடி வகுத்துப் பாருங்கள். 22 ஆண்டு என்பது ஐந்தாகச் சுருங்கியிருந்தால் எனக்கு எழுதுங்கள். மாமியாரின் கட்டிலை எங்கே நகர்த்தலாம் என்று பேசுவோம்.