மழையில் வண்டி ஓடாத நாட்களுக்கு சீசன் பணம் திரும்ப வருமா?

கேள்வி: நாசரேத்திலிருந்து பாளையங்கோட்டைக்குத் தினமும் பாசஞ்சரில் வேலைக்குப் போகிறேன். மழையில் வண்டி நின்ற நாட்களுக்கு சீசன் பணத்தை வாங்கித் தருவதாகச் சொல்லி பிரவுசிங் சென்டர்காரர் 200 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? டிசம்பரில் செந்தூர் எக்ஸ்பிரஸில் சென்னைக்கும் அவரிடம்தான் டிக்கெட் போட்டிருக்கிறேன்.

பதில்: கொடுக்காதீர்கள். சீசனில் போகாத நாட்களுக்குப் பணம் கிடையாது. ரயில்வேயே வண்டியை நிறுத்தினாலும் கிடையாது. கவுன்ட்டரில் இல்லாத பணத்தை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்?

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஜல்லி அரித்துப்போய் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அப்படி ஆனால் தண்ணீர் வடிந்ததும் வண்டி விட முடியாது; மண் கொட்டி, ஜல்லி நிரப்பி, சோதனை ஓட்டம் முடிய வேண்டும். அந்த நாட்களை சீசனில் கூட்டிக்கொடுக்க ஓர் உத்தரவு போதும். அதைக்கூடச் செய்யாமல் இருப்பதுதான் எரிச்சல்.

ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாத சீசனே எடுங்கள். மூன்று மாத சீசனுக்கு 2.7 மாதக் கட்டணம், மிச்சம் ஏறக்குறைய ஒன்பது நாள் காசு. பாதை இரண்டு வாரம் மூடினால் அது போச்சு. மாத சீசன் என்றால் வண்டி ஓடத் தொடங்கிய பிறகு புதுப்பிக்கலாம்.

பாசஞ்சர் இல்லையென்று செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறிவிடாதீர்கள். அது அதிவேக வண்டி. சாதாரண சீசன் அதில் செல்லாது. பிடித்தால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

இனி சென்னை டிக்கெட். வண்டி முழுதாக ரத்தானால் இ-டிக்கெட் பணம் தானாகவே திரும்பும். அவசரப்பட்டு நீங்களே ரத்து செய்தால் பிடித்தம் உண்டு. ஆனால் நம் பாதையில் அடிக்கடி நடப்பது வேறு: திருச்செந்தூர் வண்டியை 'பகுதி ரத்து' என்று சொல்லி நெல்லையிலிருந்து கிளப்புவார்கள். கணினிக்கு அது ஓடிய வண்டிதான். நாசரேத்தில் ஏற வேண்டிய நீங்கள் ஏறவில்லை என்பது அதற்குத் தெரியாது, பணமும் தானாக வராது. டிக்கெட்டை எடுத்த கணக்கிலிருந்து 'டிடிஆர்', அதாவது பணம் திரும்பக் கேட்கும் மனு, போட வேண்டும். காரணம் கேட்கும் இடத்தில் பகுதி ரத்துக்குப் பொருந்துவதையே தேர்ந்தெடுங்கள். 'பயணிக்கவில்லை' என்று போட்டால் மனு நிராகரிக்கப்படலாம். கெடு 72 மணி நேரம், நீங்கள் அன்றே போட்டுவிடுங்கள். நெல்லைக்கு பஸ்ஸில் போய் அதே வண்டியில் ஏறிக்கொண்டால் முழுப் பணம் கேட்க முடியாது.

உங்கள் டிக்கெட் யார் கணக்கில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். உரிமம் பெற்ற முகவர் என்றால் உங்கள் செல்பேசி எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும். ரீஃபண்ட் வரும்போது தொகையோடு ஓடிபி உங்களுக்கு வரும். தொகையைப் பார்த்த பிறகே ஓடிபியை அவரிடம் சொல்லுங்கள். சொந்தக் கணக்கில் போட்டு விற்பவர் என்றால் அந்த ஓடிபி வராது. பணம் சத்தமில்லாமல் அவர் கணக்கில் விழும், "இன்னும் வரலை அண்ணாச்சி" என்பார். அப்படி டிக்கெட் விற்பது ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி குற்றம். மழை நாளில் வண்டி நிலவரத்தையும் அவரிடம் கேட்காதீர்கள். வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் ரயில்வே உதவி எண் 139-க்கு அழையுங்கள்.