சக்குராவா, தெக்கோமாவா?

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் ஒரு மரம், வெயில் காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்புப் பூக்களால் நிறைந்து நிற்கிறது. இது ஜப்பானின் சக்குரா என்கிறாள் மருமகள். உண்மையா? படமும் ஓர் இலையும் அனுப்பியுள்ளேன்.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நீங்கள் அனுப்பிய இலையே விடை சொல்லிவிடுகிறது, அம்மா. ஒரே காம்பின் நுனியில் ஐந்து சிற்றிலைகள் கைவிரல்களைப் போல விரிந்திருப்பதால், இது மலேசியர்கள் தெக்கோமா என்று அழைக்கும் மரம்; தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. வறட்சிக்குப் பின் ஒரு மழை பெய்ததும் ஒருசேரப் பூப்பதால்தான் பலரும் இதைச் சக்குரா என எண்ணிவிடுகின்றனர்.

கிழக்காசியாவின் சக்குராவுக்கு, ஓரத்தில் பற்கள் கொண்ட தனி இலைதான் உண்டு. இலைக்காம்பின் மேற்புறத்தில் பெரும்பாலும் இரண்டு சிறு சுரப்பிகளைக் காணலாம். பட்டையில் குறுக்காக ஓடும் கோடுகள், பூ இல்லாத காலத்திலும் அதைக் காட்டிக்கொடுக்கும் நல்ல அடையாளம். மரத்தடியில் உதிர்ந்து கிடப்பவற்றையும் பாருங்கள்: சக்குராவின் இதழ்கள், நுனியில் சிறு பிளவுடன், தனித்தனியாக உதிரும், தெக்கோமாவின் இதழ்களோ அடியில் ஒன்றாக இணைந்திருப்பதால் பூ முழுவதுமாக, ஊதுகுழல் வடிவில் விழும். பின்னர் நீண்ட காய்களும் தொங்கும்.

பெரும்பாலான சக்குரா வகைகளின் மொட்டுகள் உறக்கம் கலைவதற்குப் பல வாரக் குளிர் தேவை என்பதால், சுங்கை சிப்புட்டின் வெப்பத்தில் அவை இப்படிப் பூத்துக் குலுங்குவது அரிது. ஆயினும் உங்கள் மரம் எவ்விதத்திலும் குறைந்ததன்று. கோயில் திருப்பணியின்போது அதை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.