அப்பா அம்மாவுடன் முதல்முறை காத்மாண்டு போகிறோம், எதையெல்லாம் தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும்?

நேபாளத்தில் இருக்கும் பெருமாள் தலமான முக்திநாத் போகும் வழியில் காத்மாண்டுவில் ஒரு நாள் தங்கினால் போதுமா, அறுபதைத் தாண்டிய பெற்றோருக்கு உயரம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு நாள் போதாது, குறைந்தது மூன்று நாள் வையுங்கள். காத்மாண்டுவில் உயரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது சுமார் 1,400 மீட்டர்தான், நம் ஏற்காட்டை விடவே சற்றுத் தாழ்வு. அங்கே மூச்சு முட்டுவது தூசியாலும் வண்டிப் புகையாலும்தான். சுற்றிலும் மலை நிற்கும் கிண்ணம் மாதிரியான ஊர் என்பதால் குளிர்காலத்திலும் மழைக்கு முந்தைய மாதங்களிலும் புகை அப்படியே தேங்கிவிடும், ஆஸ்துமா இருந்தால் முகக்கவசமும் இன்ஹேலரும் கையில் இருக்கட்டும்.

அக்டோபர், நவம்பர்தான் நல்ல காலம், வானம் கழுவிவிட்டது போல் இருக்கும். ஆனால் நம் தசரா போன்ற, அவர்களின் பெரிய பண்டிகையான தசைனும் அதை ஒட்டித்தான் வரும், உச்ச நாட்களில் கடைகள் மூடி, ஊரே சொந்தக் கிராமத்துக்குக் கிளம்பிவிடும், தேதி பார்த்து டிக்கெட் போடுங்கள்.

விசா தேவையில்லை. விமானத்தில் போவதென்றால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை அசல் வேண்டும், ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். டெல்லி வழியாகப் போனால் இடது பக்க ஜன்னல், திரும்பும்போது வலது பக்கம். வானம் தெளிவாக இருந்தால் பனிமலை வரிசையே தெரியும். இறங்கியதும் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

பணம் விஷயத்தில்தான் நம் ஆட்கள் குழம்புவார்கள். நம் 100 ரூபாய் அங்கே 160 ரூபாய், இது மாறாத கணக்கு. கடைக்காரர் விலை சொன்னதும் "ஐசியா, என்சியா?" என்று கேளுங்கள், ஐசி என்றால் இந்தியப் பணம், என்சி என்றால் நேபாளப் பணம். இதைக் கேட்காமல் பேரம் பேசிவிட்டு, கொடுக்கும்போது சண்டை போடுகிறவர்களைத் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் தாமேல் தெருக்களில் தாராளமாகப் பார்க்கலாம். நம் 100 ரூபாய்த் தாள்களாகக் கொண்டுபோவது நல்லது. டாக்சிக்காரர்கள் மீட்டர் போடுவது அபூர்வம், பதாவ் அல்லது இன்டிரைவ் செயலியில் வண்டி பிடித்தால் தொண்டைத் தண்ணீர் மிச்சம்.

பசுபதிநாத்துக்கு விடியற்காலையில் போய்விடுங்கள். திங்கட்கிழமையும் அங்கே வார விடுமுறையான சனிக்கிழமையும் கூட்டம் நெருக்கும். தோல் பெல்ட், தோல் பர்ஸ் உள்ளே கூடாது, கோயிலுக்குள் போட்டோவும் கூடாது. கருவறைக்கு நான்கு வாசல், லிங்கத்துக்கு நான்கு பக்கமும் முகம், ஒவ்வொரு வாசலிலும் நின்று தரிசித்துக்கொண்டே சுற்றி வரலாம். லிங்கத்தைத் தொட்டுப் பூஜை செய்யும் பட்டர்கள் தென்னிந்தியாவிலிருந்து, பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து போனவர்கள், அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கோயிலே நெருக்கமாகிவிடும். பின்னாலேயே பாக்மதிக் கரையில் சிதைகள் எரிந்துகொண்டிருக்கும், அம்மாவுக்கு அது கஷ்டமாக இருக்குமென்றால் அந்தப் பக்கம் கூட்டிப்போகாதீர்கள். தயவுசெய்து அங்கே மொபைலைத் தூக்காதீர்கள்.

புதாநீலகண்டரை விட்டுவிடாதீர்கள். பெயரைக் கேட்டுச் சிவன் என்று நினைப்பீர்கள், ஆனால் குளத்து நீரில் ஆதிசேஷன் மேல் மல்லாந்து படுத்திருக்கும் பெருமாள், ஒரே கருங்கல். ஸ்ரீரங்கம் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் திறந்த வானத்தின் கீழ் இப்படி ஒரு சயனக் கோலம் புதிதாக இருக்கும்.

பவுத்தநாத் ஸ்தூபிக்குச் சாயங்காலம் போங்கள், எல்லோரும் வலமாகச் சுற்றுவார்கள், நீங்களும் அப்படியே. பக்தபூருக்கு ஒரு நாள் முழுசாக ஒதுக்குங்கள். 2015 நிலநடுக்கத்தில் அடிபட்ட ஊர், இருந்தாலும் செங்கல் தெருக்களும் மரச் சன்னல்களும் இருக்கின்றன. மண் சட்டியில் உறைய வைத்த ஜுஜு தௌ என்ற தயிர் அங்கே கிடைக்கும், இனிப்பாக இருக்கும், மோர்க்குழம்புக்கு ஆகாது!

சாப்பாட்டில் சிக்கலில்லை, தால் பாத் என்று கேட்டால் சோறு, பருப்பு, கீரை, ஊறுகாய், போதும் என்கிறவரை போடுவார்கள். மோமோ வாங்கும்போது மட்டும் 'வெஜ்' என்று அழுத்திச் சொல்லுங்கள், அங்கே 'பஃப்' என்றால் எருமை மாமிசம். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் முக்திநாத். உயரம் தொல்லை தருவது அங்கேதான், 3,700 மீட்டருக்கு மேல். பொக்காராவிலிருந்து முக்திநாத்துக்குப் பக்கத்து ஊரான ஜோம்சோம் போகும் சின்ன விமானங்கள் காலையில்தான் பறக்கும், பிறகு காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று எழும்பிவிடும், வானிலை சரியில்லை என்றால் ரத்தாகும். அதனால் டெல்லிக்குத் திரும்பும் டிக்கெட்டை முக்திநாத்துக்கு மறுநாளே போடாமல் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள், விமானம் ஒழுங்காகப் பறந்துவிட்டால் அந்த நாட்களைக் காத்மாண்டுவை ஒட்டியிருக்கும் பாட்டன் (லலித்பூர்) என்ற பழைய ஊருக்குக் கொடுங்கள்.