அடி உதவுவது போல...
குழந்தை மனநல மருத்துவர் பதில்கள்

என் மகனுக்குக் கோபம் அதிகம். என்ன மாத்திரை கொடுக்கலாம்? (வாசகர், சேலம்)

மகனுக்கு வயது நான்கா, பதினான்கா? வயதை எழுதுங்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்குத்தான் கோபம் வருகிறது. கோபத்துக்கென்று மாத்திரை கிடையாது.

கணவர் குடித்துவிட்டு என்னை அடிப்பார். ஆறு வயது மகளைத் தொடமாட்டார். அவள் இப்போது மறுபடி படுக்கையை நனைக்கிறாள். (பெயர் வேண்டாம், விருத்தாசலம்)

முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. அதில் ஒன்றுமில்லை என்றால், தொடமாட்டார் என்ற சமாதானத்தை விட்டுவிடுங்கள். 1995-97இல் அமெரிக்காவில் சுமார் 17,000 பேரிடம் சிறுவயதுத் துன்பங்களைக் கேட்டுக் கணக்கெடுத்தபோது, தாய் அடிபடுவதைப் பார்த்ததையும் ஒரு வகையாகவே சேர்த்தார்கள். நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களிடம் குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாம் பல மடங்கு. மகளைத் திட்டாதீர்கள். உங்களுக்கு மகளிர் உதவி எண் 181 இருக்கிறது, அழையுங்கள்.

நாங்கள் பிரம்பைக் கீழே வைத்தோம், மாணவன் அரிவாளைக் கையில் எடுத்தான். சரிதானே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறீர்கள். உங்கள் மாவட்டத்திலேயே, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பிளஸ் 2 மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன் படித்தவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அவன் செய்தது, தன்னைத் துன்புறுத்தியவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்னது. அங்கே பிரம்புக்கா பஞ்சம்? சாதிக்கு அல்லவா கொழுப்பு! அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. பிரம்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை.

ஒருநாள் அலமாரியிலிருந்து பேனா எடுக்கக் கையை உயர்த்தினேன். எதிரில் இருந்த பதின்மூன்று வயதுப் பையன் சட்டென்று இரண்டு முழங்கைகளாலும் தலையை மூடிக்கொண்டான். “பயந்தாங்கொள்ளி சார்” என்று சிரித்தார் அப்பா. வகுப்பில் ஒருவனைக் காம்பஸால் குத்தியதற்காக அழைத்து வரப்பட்டவன் அவன். “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்” என்று சொல்லிப் பள்ளியில் சேர்த்த அப்பாதான் இவரும். வலுத்தவன் அடிக்கலாம் என்பதைத் தவிர வேறு எதை அவன் கற்றிருப்பான்? அடிப்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவிலேயே தடை. சட்டம் இருக்கட்டும் ஐயா, அடித்துத் திருந்திய ஒருவனையாவது என்னிடம் அழைத்து வாருங்கள்.

விபத்தை நேரில் பார்த்த பத்து வயது மகன் இரண்டு வாரமாகத் தூக்கத்தில் அலறுகிறான். மந்திரித்தும் பார்த்தோம். (வாசகி, தேனி)

வயது எழுதியதற்கு நன்றி. மந்திரித்ததில் தவறில்லை. பள்ளி, சாப்பாடு, தூக்கம் வழக்கம்போல நடக்கட்டும். வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் அவன் முன்னால் விபத்தை விவரிக்காதீர்கள். ஒரு மாதம் தாண்டினாலோ, பள்ளிக்கே போக மறுத்தாலோ மருத்துவரிடம் வாருங்கள்.

வீடியோ கேம் விளையாடினால் கொலைகாரன் ஆவானா? (வாசகர், ஓசூர்)

மாட்டான். தூக்கம் கெடும். வயது?

பதினைந்து வயது மாணவி, மாமா தவறாகத் தொடுகிறார் என்றாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டேன். (ஆசிரியை)

சத்தியத்தை மீறுங்கள், இன்றே. 2012 போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. வழி தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098. துருவிக் கேட்காதீர்கள், தலைமையாசிரியர் அறையில் நான்கு பேர் முன்னால் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். சொல்லப் போகிறேன் என்பதை முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள்.