சபை எதற்காக, சுவிசேஷம் யாருடைய வேலை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, சபை இருப்பதே ஆத்தும ஆதாயத்துக்காக, அதாவது மற்றவர்களை இயேசுவிடம் கொண்டுவருவதற்காகத்தான் என்று எங்கள் போதகர் வாராவாரம் சொல்கிறார். அது சரியா?

பாதி சரி, சகோதரி. பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய 3000 பேர் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எதில் உறுதியாய் இருந்தார்கள் என்பதை அப்போஸ்தலர் 2:42 சொல்கிறது: உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். சுவிசேஷ ஊழியம் இந்த நான்கில் தனியாக இல்லை. ஆனால் அதே அதிகாரத்தின் கடைசி வசனத்துக்கு வாருங்கள். இரட்சிக்கப்படுகிறவர்களைக் கர்த்தர் அனுதினமும் சபையில் சேர்த்துக்கொண்டே வந்தார் என்று இருக்கிறது.

அந்தியோகியாவிலும் இதேதான். பர்னபாவையும் சவுலையும் அனுப்பும்படி பரிசுத்த ஆவியானவர் சொன்னபோது அந்தச் சபையில் ஊழியத் திட்டக் கூட்டம் ஒன்றும் நடக்கவில்லை. உபவாசமிருந்து கர்த்தரை ஆராதித்துக்கொண்டிருந்தார்கள் (அப்போஸ்தலர் 13:2). சபை முதலில் தேவனை ஆராதிக்கிற கூட்டம். அந்த ஆராதனை உயிரோடு இருந்தால் அதிலிருந்தே ஆட்கள் புறப்படுவார்கள். யாருமே புறப்படாத சபையில் ஆராதனையையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் மத்தேயு 28-ல் இயேசு கொடுத்த கட்டளை?

அதைக் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் நிதானமாக வாசியுங்கள். நம் தமிழ் வேதாகமத்தில் "புறப்பட்டுப்போய்", "சீஷராக்கி", "ஞானஸ்நானங்கொடுத்து" என்று வந்து, கடைசியில் "உபதேசம்பண்ணுங்கள்" என்று வாக்கியம் முடிகிறது. முற்றுவினை கடைசியில் வருவது தமிழின் வழக்கம். கிரேக்க மூலத்தில் கட்டளையாக நிற்கும் வினை "சீஷராக்குங்கள்" என்பது ஒன்றுதான். மற்ற மூன்றும் அதைச் சார்ந்து வருகின்றன. அதற்காக, போவது அவரவர் இஷ்டம் என்று ஆகிவிடாது. ஆனால் ஒருவர் கையைத் தூக்கினார், கணக்கில் எழுதிக்கொண்டோம் என்பதோடு இந்தக் கட்டளை முடிந்துவிடுவதில்லை. அவர் இயேசுவிடம் கற்றுக்கொண்டு வாழும் சீஷராக வேண்டும். அதற்கு வருஷங்கள் ஆகும், கூட இருக்க ஆட்களும் வேண்டும். சபை இல்லாமல் இது நடக்காது.

கேள்வி: பாஸ்டர், எனக்குப் பேச வராது. நான்கு பேர் முன்னால் நின்றாலே நடுக்கம். நான் கீழ்ப்படியாமல் இருக்கிறேனா?

இல்லை தம்பி. எபேசியர் 4:11-ல் "சிலரை" சுவிசேஷகராக ஏற்படுத்தினார் என்றுதான் இருக்கிறது. அந்த வரம் எல்லாருக்கும் இல்லை. சாட்சியாக இருப்பதுதான் எல்லாருக்கும் பொது. எருசலேமில் துன்பம் வந்தபோது அப்போஸ்தலர் அங்கேயே இருந்தார்கள். சிதறிப்போன மற்றவர்கள்தான் போன இடமெல்லாம் வசனத்தைச் சொன்னார்கள் (அப்போஸ்தலர் 8:1, 4). அந்தியோகியாவில் கிரேக்கருக்கு முதலில் சொன்னவர்கள் சீப்புருதீவாரும் சிரேனே பட்டணத்தாருமான சிலர். அவர்களுடைய பெயர்கூட எழுதப்படவில்லை. சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலில் வழங்கியது அந்த ஊரில்தான். யோவான் 9-ல் பார்வை பெற்ற மனிதனுக்கும் பெரிய உபதேசம் தெரியாது. குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன் என்றான். உங்களுக்கு நடந்ததை அப்படியே சொல்லுங்கள், போதும்.

கேள்வி: ஏழைகளுக்கு உதவுவது முக்கியமா, சுவிசேஷம் சொல்வது முக்கியமா?

பந்தியில் விதவைகள் விடுபட்டபோது ஆதிச்சபை ஏழு பேரைத் தெரிந்தெடுத்து அதைச் சரிசெய்தது. வசனத்தையும் விடவில்லை. 1974-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் உலகச் சுவிசேஷ ஊழியத்துக்காகக் கூடிய மாநாட்டின் உடன்படிக்கையும் இரண்டுமே கிறிஸ்தவக் கடமை என்றது. ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன்: உதவியைத் தூண்டிலாக்கக் கூடாது. பசித்தவருக்குச் சாப்பாடு கொடுப்பது அவருக்குப் பசிக்கிறது என்பதற்காக.

கேள்வி: "எப்போதும் சுவிசேஷத்தைப் பிரசங்கியுங்கள், தேவைப்பட்டால் மட்டும் வார்த்தைகளைப் பயன்படுத்துங்கள்" என்று அசிசி பிரான்சிஸ் சொன்னாராமே?

அவர் எழுதியவற்றில் அந்த வாக்கியம் இல்லை. செயலாலும் பிரசங்கிக்கும்படி தம்மோடிருந்த துறவிச் சகோதரர்களுக்கு எழுதியது உண்மைதான். ஆனால் அவரே ஊர் ஊராகப் போய் வாய்திறந்து பிரசங்கித்தவர். 1219-ல் சிலுவைப்போர் நடுவே எகிப்தின் சுல்தானிடமே போய்ப் பேசினார்.

கேள்வி: நான் கத்தோலிக்கன். எங்கள் திருச்சபை இதைப் பற்றி என்ன சொல்கிறது?

உங்கள் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் வெளியிட்ட நற்செய்திப் பணி பற்றிய ஏடு, திருச்சபை தன் இயல்பிலேயே அனுப்பப்பட்ட ஒன்று என்கிறது. பத்து வருஷம் கழித்து போப் ஆறாம் பவுல் இதையே இன்னும் விரிவாக எழுதினார்.

கேள்வி: ஒவ்வொரு வருஷமும் கூட்டம் நடத்துகிறோம். பலர் வருகிறார்கள், யாரும் நிலைப்பதில்லை. எங்கே தவறுகிறோம்?

சில வருஷங்களுக்கு முன் எங்கள் சபையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் தொடர்ந்து ஐந்து ஞாயிறு வந்தார். கடைசி பெஞ்சில், தூணுக்குப் பக்கத்தில் உட்காருவார். வெளியே போகும்போது வாசலில் நிற்கிறவர்கள் ஆளுக்கொரு கைப்பிரதி கொடுப்போம். ஐந்தாவது வாரம் நான் நீட்டியபோது, அவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்துக் காட்டினார். நான்கும் அதே பிரதி. "இருக்குதுங்க ஐயா" என்றார். அதுவரைக்கும் அவர் பெயரை எங்களில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அப்புறம் அவர் வரவில்லை. எனக்கு இன்னும் அது உறுத்துகிறது.

கூட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் கூட்டத்துக்கு ஆகும் உழைப்பில் பாதியையாவது, வந்தவர் வீட்டுக்குப் போக, அவரோடு உட்கார்ந்து வேதம் வாசிக்க, அவர் கேட்கும் சங்கடமான கேள்விகளைப் பொறுமையாகக் கேட்கச் செலவழியுங்கள்.

கேள்வி: மறுக்கிறவர்களோடு எவ்வளவு தூரம் வாதாடலாம்?

மாற்கு 10-ல் ஆஸ்தியுள்ள அந்த மனிதன் துக்கத்தோடே போனான். இயேசு அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று எழுதியிருக்கிறது. துரத்திப்போய் மடக்கினார் என்று இல்லை. "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்று பேதுரு சொன்னது இதற்குத்தான் (1 பேதுரு 3:15).

கேள்வி: எனக்கு 78 வயது. கட்டிலை விட்டு எழ முடியாது. சபைக்கே போக முடியாத நான் என்ன ஊழியம் செய்வது?

அம்மா, பவுல் சிறையில் இருந்துகொண்டு கொலோசெயருக்கு எழுதும்போது, வசனத்துக்கு வாசல் திறக்கும்படி எங்களுக்காக ஜெபியுங்கள் என்று கேட்கிறார் (கொலோசெயர் 4:3). உங்கள் சபையில் யார் யாருக்குச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டு, அந்தப் பெயர்களை வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் என் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.